61 நாளில் தலைமை கற்க எங்கே போகலாம்?

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் ஐஸ் கம்பெனியில் சத்தம் அடங்கிவிடும். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் ஐஸுக்கு என்ன வேலை? நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அவர்கள் வாங்கும் கொஞ்சத்துக்காக ஒரு மெஷின் மட்டும் ஓடும். ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் என்ற ஊரில் இருபத்தாறு வருடமாக இந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். முன்பு இந்த மீன்பிடித் தடைக்காலம் 45 நாள். 2017-லிருந்து 61. வருடத்தில் என் கைக்கு வரும் ஓய்வு அவ்வளவுதான். மற்றவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நான் தலைமை பற்றிப் படிப்பேன்.

சிரிக்க வேண்டாம். பெரிய பதவி எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் லீடராக இருந்தேன், அதோடு சரி. வாத்தியார் வெளியே போனால் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் லீடர் வேலை. முதல் நாள் பதினாலு பெயர் எழுதினேன். மறுநாள் என்னைக் கபடிக்குச் சேர்த்துக்கொள்ள ஒருவனும் இல்லை. அதே வகுப்பில் பின்வரிசையில் ஒருத்தன் இருந்தான்; அவன் "டேய், சும்மா இருங்கடா" என்று மெல்லச் சொன்னால் வகுப்பே அடங்கும். அவனுக்குச் சாக்பீஸ் தேவைப்படவில்லை. ஏன் என்ற கேள்வி அன்று ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தொரு வயதிலும் விட்டபாடில்லை.

இந்த வருடம் தங்கை மகள் வந்து நின்றாள். அவளுக்கு 24 வயது. இறால் கம்பெனியில் வேலை. தடைக்காலத்தில் அவளுக்கும் விடுமுறை. தடை முடிந்து கம்பெனி திறந்தால் இருபது பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"மாமா, அந்த இருபது பேர்ல பாதிப் பேர் எங்க அம்மா வயசு. நான் சொன்னா கேப்பாங்களா? இந்த ரெண்டு மாசத்துல எங்க போயி உக்காந்தா உருப்படியாக் கத்துக்கலாம்?"

அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒவ்வொரு வழியிலும் கொஞ்ச காலமாவது செலவழித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

முதலில் காசு போன கதை. மதுரையில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி முகாம், கட்டணம் 8,500 ரூபாய். உள்ளே நுழைந்ததும் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். உங்களுக்குள் ஒரு சிங்கம் தூங்குகிறது என்றார்கள், எல்லோரும் எழுந்து நின்று கர்ஜித்தோம். சாப்பாடு அருமை. திங்கள்கிழமை கம்பெனிக்கு வந்தால் லோடு ஏற்றுகிறவர்கள் அப்படியே இருந்தார்கள், நானும் அப்படியே இருந்தேன். இரண்டு நாளில் ஒருவர்கூட என்னிடம், "நீங்கள் யாரை வைத்து வேலை வாங்க வேண்டியிருக்கிறது?" என்று கேட்கவில்லை. இந்த வழியை இதற்கு மேல் ஒப்பிட ஒன்றுமில்லை.

அடுத்தது புத்தகம். ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர ஆகும் பணம் ஒரு வேளை பரோட்டாவுக்குக் காணாது. தலைமை பற்றிய புத்தகங்களை நான் இரண்டாகப் பிரிப்பேன்: விதிகளைச் சொல்வது, ஆட்களைச் சொல்வது. பத்து விதி, இருபது விதி என்று வருகிறவற்றில் ஐந்தாறு படித்தால் போதும், ஏழாவதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இதில் திருக்குறளுக்கு மட்டும் விலக்கு தருவேன். பொருட்பாலின் எழுபது அதிகாரங்களில் முதல் 25 அரசனைப் பற்றியவை. அவற்றில் தெரிந்து செயல்வகையில் தொடங்கி தெரிந்து வினையாடல் முடிய வரிசையாக ஆறு அதிகாரங்கள், ஒரு காரியத்தில் இறங்கும் முன்பும் ஒருவரிடம் அதை ஒப்படைக்கும் முன்பும் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கே போகின்றன. வலு, காலம், இடம், ஆள். முகாமில் கர்ஜித்த நேரத்தில் இதைப் படித்திருக்கலாம்.

ஆட்களைச் சொல்லும் புத்தகங்கள் வேறு மாதிரி. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை கலாமுடையது. 1979 ஆகஸ்ட் 10, செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். திட்ட இயக்குநர் அவர். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் முன் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனபோது, "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பிவைத்தார். இதைக் கலாமே ஊர் ஊராகச் சொன்னார். பேய்க்கரும்பில் உள்ள அவர் நினைவிடத்துக்கு வருகிறவர்கள் ராக்கெட் மாதிரியின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ராக்கெட் விழுந்த அன்று யார் போய்ப் பேசினார் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது என்று எனக்குத் தோன்றும். நான் வாயைத் திறந்தால் மனைவி முறைப்பாள், அதனால் சொல்வதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது பாம்பன் பாலத்தின் கதை. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற பாலம் என்பதாலும் இருக்கலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ரயில் போனது, 1914-இல் திறந்த பாலத்தின் கர்டர்கள், அதாவது இரும்பு உத்தரங்கள், பெரும்பாலும் கடலுக்குள் போயின. சரிசெய்ய ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். வேலையை ஏற்ற இ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது; 46 நாளில் முடித்தார். புது கர்டர் வரும் வரை காத்திராமல் கடலடியில் கிடந்தவற்றையே எடுத்து மறுபடி பொருத்தியதுதான் சூட்சுமம். அவை கிடக்கிற இடத்தைச் சொன்னது ஒரு மீனவர் என்பார்கள். அது உண்மையானால் என் கேள்வி வேறு: ஒரு இளம் இன்ஜினியரிடம் போய் இதைச் சொல்லலாம், காது கொடுத்துக் கேட்பார் என்று அந்த மீனவருக்கு எப்படித் தோன்றியது? அதைச் சொல்கிற புத்தகம் இன்னும் என் கையில் கிடைக்கவில்லை.

புத்தகத்தின் குறையும் இதே இடத்தில்தான். எல்லாம் முடிந்த பிறகு எழுதுவது புத்தகம். 46-ஆவது நாளில் வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டு நாம் பத்தாவது நாளைப் படிக்கிறோம். பத்தாவது நாளில் கடலுக்குள் கயிறு கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமையோடு உத்தரவு போடுவதுதான் வேலையே.

இனி ஆன்லைன் படிப்பு. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில், ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்துகிற என்பிடெல் என்ற திட்டத்தின் தலைமைப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். சேர்வதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் தருகிற அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. ஆனால் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும்தான் தொடங்கும். அதனால் தடைக்காலத்துக்குள் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. பழைய பாடங்களின் வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். விளக்கம் ஆங்கிலத்தில் ஓடும். எனக்கு ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

பாடத்தில் ஒன்று மட்டும் மனதில் தைத்தது. 1939-இல் கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவரது கூட்டாளிகளும் அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்து, மூன்று வகைத் தலைவர்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் அதிகாரம் செய்வார், ஒருவர் கலந்து பேசுவார், ஒருவர் கண்டுகொள்ளவே மாட்டார். அதிகாரம் செய்கிற தலைவர் அறையைவிட்டு வெளியே போனதும் வேலை படுத்தது. கலந்து பேசுகிறவர் போனாலும் வேலை ஓடியது. என் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையை யாரோ எனக்கு முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்த உற்சாகத்தில் ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் மேனேஜர் இல்லாத நேரம், இரண்டு லாரி வந்து நிற்கிறது, எதை முதலில் ஏற்றுவது என்று தகராறு. நான் எல்லோரையும் கூப்பிட்டு நிழலில் உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டேன். ஐந்தாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியே எடுத்து வைத்திருந்த ஐஸ் கட்டிகள் ஒழுகி வாசல் வரை ஓடிவிட்டன. லோடுமேன்களில் மூத்தவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "கணக்கப்பிள்ளை, ஐஸ் ஓட்டுப் போடாது." தேர்வில் எனக்கு 62. அந்த மனுஷன் அன்று சுழியம் போட்டார். எந்த மதிப்பெண் சரி என்று உங்களுக்கே தெரியும்.

பாடம் தப்பில்லை. நேரமும் ஆட்களும் எப்படியோ அதற்கேற்பத் தலைவர் மாற வேண்டும் என்று அதே படிப்பில் ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ வந்தது. எனக்கு ஐஸ் கரைந்தது மூன்றாவது வாரத்தில்.

இனிச் சொல்லப்போவது பணம் கேட்காத வழி. உடம்பைக் கேட்கும். 2019 தடைக்காலத்தில் பெரியப்பாவின் நாட்டுப்படகில் ஏறினேன். பெரியப்பா எங்கள் கரையில் மண்டாடி. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, இன்று போகலாமா, எங்கே வலை விடலாம் என்று சொல்கிறவர். எந்திரம், ஜி.பி.எஸ். எல்லாம் வந்த பிறகும் கரையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. காலையில் மணலில் நின்று கச்சான் என்கிற மேல்காற்று எழும்புகிறதா என்று பார்ப்பார். தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் கூட்டம், அவ்வளவுதான் தீர்மானம்.

பத்துப் பதினைந்து நாளில் ஒரு விடியல். அவர் காட்டிய இடத்தில் வலை விட்டோம். நீவாடு, அதாவது நீரோட்டம், மாறி இழுத்து வலை கடலடிப் பாறையில் சிக்கியது. எடுக்கும்போது பாதி கிழிந்து வந்தது. ஆளுக்கு ஒரு நாள் கூலியும் போய், வலையும் போயிற்று. கரை வரும் வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. கரையில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். படகு தரை தட்டியதும் முதலில் இறங்கியவர் பெரியப்பாதான். யாரும் கேட்பதற்கு முன், "நான்தான் இடம் தப்பாச் சொல்லிட்டேன். நீவாடு பாக்காம விட்டுட்டேன்" என்றார். பிறகு கிழிந்த வலையை இழுத்துப்போட்டு நிழலில் உட்கார்ந்து கோர்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இளவட்டங்களில் இருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

தவான் கதையை நான் அதற்கு முன் இருபது தடவை படித்திருப்பேன். அன்றுதான் அது விளங்கியது. இடையில் இன்னொன்றும் பிடிபட்டது. அவர் தப்பாகச் சொன்னது விடியற்காலையில். அது தப்பு என்று தெரிந்தது காலை ஏழு மணிக்கு. இரண்டு மணி நேரத்தில் கடல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அதிலிருந்துதான் இந்த வழிகளை எல்லாம் ஒரே தராசில் வைக்கத் தொடங்கினேன்: நான் செய்தது தப்பு என்று எனக்கு யார் சொல்வார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்வார்கள்?

கட்டணத்தையும் நேரத்தையும் வைத்து ஒப்பிட்டபோது வந்த வரிசை இதில் கலைந்துபோனது. முகாமில் யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்தவனைப் பாராட்டுவது அவர்கள் தொழில். ஆன்லைன் படிப்பில் அசைன்மென்ட் தப்பென்று வாரம் முடிந்ததும் தெரியும், ஆனால் அது கேள்விக்கான விடை, என் நடத்தை அல்ல. புத்தகம் வாயைத் திறக்காது. ஆனால் பத்து வருடம் கழித்து மறுபடி எடுத்தால் சில பக்கங்கள் நன்றாகத் திட்டும். இடித்துச் சொல்கிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத அரசன், கெடுக்க ஆளே இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறது குறள். படிக்கிறபோது யாரையோ சொல்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் படகைத் தங்கை மகளுக்குச் சொல்ல முடியாது. எங்கள் கரையில் பெண்ணை ஏற்றுகிற படகு அரிது, அந்த நியாயத்தைப் பேச இது இடமில்லை. அதோடு படகில் கற்பதற்குப் பிறந்ததிலிருந்தே அதே கரையில் கிடக்க வேண்டும். பெரியப்பாவுக்குத் தெரிந்ததை அவர் வாயால் விளக்க முடியாது. 61 நாளில் நான் கற்றது அந்த ஒரு காலைதான்.

அவளுக்கு வேண்டிய கடலோரப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்துப் பிழைப்பவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, தீவுப் பக்கம் போனாலே வனத்துறையோடு மல்லுக்கட்டு என்றானது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான ஸீகாலஜியின் விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் 12. அன்றாடம் பாசி எடுத்தால்தான் அடுப்பெரியும் என்று இருக்கிற பக்கத்து வீட்டுக்காரியிடம், மாதத்தில் 18 நாள் கடலில் இறங்காதே என்று சொல்ல வேண்டும். சொன்னவளும் அதே 18 நாள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதைத் தவிர அவள் கையில் என்ன அதிகாரம்?

அந்த அளவுக்குப் போக வேண்டாம், அவள் தெருவிலேயே ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரை சேர்ந்த குழு. வாராவாரம் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் என்ற ஐந்தும்தான் விதி, பஞ்சசூத்திரம் என்பார்கள். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், சுழற்சியில் மாறுவார்கள். என் மனைவியின் குழுவுக்கு நான் சில மாதம் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன், அதாவது திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். ஒரு வாரம் தவணை கட்டாதவர் ஊக்குநரின் சொந்த நாத்தனார். ஊக்குநர் மற்றப் பெயர்களைப் படித்த அதே குரலில் அந்தப் பெயரையும் படித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பெயருக்கு உரியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், காரணம் சொன்னார், குழு இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. கரும்பலகையில் பதினாலு பெயர் எழுதியவனுக்கு அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும்.

தராசில் வைத்தால் இங்கே பதில் ஒரு வாரத்தில் வரும். ஊக்குநர் அநியாயம் செய்தால் அடுத்த கூட்டத்தில் பாய் விரிக்க ஆள் வராது. கூடவே, அம்மா வயதுப் பெண்கள் பன்னிரண்டு பேர் தினமும் பார்க்கிற முகங்கள். இறால் கம்பெனியில் அவளுக்குக் காத்திருப்பதும் அதுதானே.

கிராம சபையையும் சொல்ல வேண்டும். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, அதில் மே 1 நம் 61 நாளுக்குள் விழுகிறது. ஓட்டர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. தலைமை செய்யக் கற்றுக்கொள்கிற இடமாக அதை நான் சொல்ல மாட்டேன், ஒரு நாளில் அது வராது. ஆனால் நூறு பேர் முன்னால் எழுந்து, ஒரு நிமிடத்தில், கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. குடிதண்ணீர்க் குழாய் பற்றிக் கேட்கப் போன எனக்கு முதல் தடவை தொண்டை வறண்டு குழாயின் பெயரே மறந்துவிட்டது. பேச்சுப் பழக என்று மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் அங்கே கைதட்டுவார்கள். கிராம சபையில் பதில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே தங்கை மகளிடம் சொன்னது இது. குழுவில் எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்கு. தலைமையை இப்போது கேட்காதே, நோட்டை மட்டும் கேள். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் எல்லோரும் பேசுவதைக் கடைசி வரை கேட்டாக வேண்டும். மே 1 கிராம சபைக்குப் போ. ராத்திரி ஒரு வாழ்க்கை வரலாறு படி, விதிப் புத்தகம் வேண்டாம். ஆன்லைன் படிப்பை ஜூலையில், இருபது பெண்களும் உன் முன்னால் நிற்கத் தொடங்கிய பிறகு, தொடங்கு. அப்போதுதான் எந்த வாரப் பாடம் எதற்கு என்று புரியும். முகாமுக்குப் போகிற பணத்தில் தங்கக் காசு வாங்கு.

வேறு நிலையில் இருப்பவர்களுக்கு வரிசை மாறும். ஏற்கெனவே பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் என்றால் அவருக்கு இடிபடுவதற்கு இடம் தேட வேண்டியதில்லை, தினமும் படுகிறார். அவருக்குப் படிப்பும் புத்தகமும்தான் குறை. என்னைப் போல ஆர்வம் மட்டும் இருந்து ஆள் இல்லாதவர் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஒரு குழுவையோ சங்கத்தையோ பிடிக்க வேண்டும். நான் முப்பது வருடம் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆன்லைன் வீடியோக்களை இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டாள், என்னைவிட வேகமாக. ஆனால் நோட்டைக் கேட்டு வாங்கிவிட்டாள். போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனபோது மேசை மேல் இருந்ததைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தேதி, வந்தவர்கள் எண்ணிக்கை, கீழே தாமதமாக வந்தவர்கள் பெயர். ஒரே ஒரு பெயர்தான், அவளுடையது. பக்கத்தில் அபராதம் பத்து ரூபாய், செலுத்தப்பட்டது என்று எழுதியிருந்தது.